சுங்கை சிப்புட்டில் இரண்டு நாள் கூட்ட வழிநடத்தல் பயிற்சி: 120 வெள்ளிக்குத் தகுமா?

முதல் நாளுக்குத் தாராளமாகத் தகும். இரண்டாம் நாளில் பாதிக்குத் தகாது.

கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தாமான் குடியிருப்பாளர் சங்கம் ஆகியவற்றில் பொறுப்பில் இருப்பவர்களுக்கான பயிற்சி. இடம் பாலாய் ராயா, சனி ஞாயிறு, 24 பேர். மதிய உணவும் தே தாரிக்கும் கட்டணத்திலேயே அடக்கம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. கூட்டுறவு என்பதை யாரும் இங்கே வந்து விளக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டம் என்று உட்கார்ந்தால் இன்னும் பழைய பெரட்டுக் களம்தான்: முன்னால் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

இந்தப் பழக்கத்தை உடைப்பதில்தான் பயிற்சியின் பலம். மேசைகளை ஒதுக்கி, நாற்காலிகளை வட்டமாகப் போட வைத்தார்கள். வட்டத்தில் பின்வரிசை கிடையாது. கதவோரம் போய் உட்காரும் பெண்களுக்கும் முன்வரிசைதான். கேள்வியை மாஜோங் பேப்பரில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு, ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் எழுத வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு கருத்து, ஏழு சொல்லுக்குள், தடித்த மார்க்கரில். பேனாவில் எழுதினால் மூன்று மீட்டர் தள்ளி இருப்பவருக்குத் தெரியாது. பிறகு ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஓர் அட்டை வாசிக்கலாம்; நடுவில் மறுப்பும் பாராட்டும் கூடாது. குழு முடிவெடுப்பை ஆராய்ந்த டெல்பெக்கும் வான் டி வெனும் 1971இல் எழுதி வைத்த முறைதான் இது.

வயதில் இளையவரிடமிருந்து சுற்றைத் தொடங்கச் சொன்னது நம்மவர்களுக்கென்றே செய்த மாற்றம். பெரியவர் ஒருமுறை வாய் திறந்துவிட்டால், மாற்றிப் பேசுவது எதிர்த்துப் பேசுவதாகிவிடும். முன்கூட்டியே எழுதிய அட்டையை வாசிப்பதில் அந்தச் சங்கடம் இல்லை.

திருவிழாக் கணக்கில் மிஞ்சிய 8,000 வெள்ளியை என்ன செய்வது என்பது பயிற்சிக் கேள்வி. கூரை, டியூஷன் வகுப்பு, மரண சகாய நிதி என்று ஒன்பது யோசனைகள் வந்தன. ஆளுக்கு மூன்று வட்ட ஸ்டிக்கர். யோசனைகளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்குச் சரி, ஒட்டிய விதம் தவறு. ஒவ்வொருவராகப் போய் ஒட்டினால், ஏற்கெனவே ஸ்டிக்கர் குவிந்த இடத்தில்தான் அடுத்தவரும் ஒட்டுவார். தலைவர் முதலில் போனால் கேட்கவே வேண்டாம். யோசனைகளுக்கு எண் போட்டு, தனக்குப் பிடித்த மூன்றின் எண்களைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்ட பிறகு, எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒட்ட வேண்டும்.

கருத்துகள் குவிந்தபின் குழு எரிச்சலடையும் ஒரு கட்டம் வரும். குழு வழிநடத்தல் பற்றிப் புத்தகம் எழுதிய சாம் கேனர் அதைத்தான் முனகல் மண்டலம் என்கிறார். பயிற்றுநர் அங்கே பதறாமல் காத்திருந்தார். அந்தப் பொறுமை எளிதில் வராது.

சறுக்கல் இரண்டாம் நாளில். முடிவுகளில் மக்களுக்கு எவ்வளவு பங்கு என்பதைக் காட்ட ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் வரைந்த எட்டுப் படி ஏணியைச் சுவரில் ஒட்டினார்கள். கருத்துக் கேட்பது அதில் நான்காம் படி. அதிகாரத்தில் பங்கு தொடங்குவது ஆறாம் படியில். சொல்லிக்கொடுத்ததெல்லாம் நான்காம் படியோடு நின்றது. முடிவு யார் கையில் என்பதை விவாதத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும்: நிர்வாகம் கேட்டுவிட்டு முடிவெடுக்குமா, பெரும்பான்மையா, எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டுமா, ஒத்துவராவிட்டால் அடுத்தது என்ன? இதைச் சொல்லாமல் அட்டை எழுத வைத்தால், கடைசியில் செக்கில் கையெழுத்துப் போடுபவர் நினைத்ததே நடக்கும். அடுத்த கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

ஒப்புதல் கேட்ட விதமும் அப்படித்தான். "சரிதானே?" என்று கேட்டு, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். விரல் காட்டச் சொல்லியிருக்கலாம்: ஐந்து என்றால் முழு ஆதரவு, மூன்று என்றால் குறையுண்டு ஆனால் தடுக்கமாட்டேன், மூடிய கை என்றால் முடியாது. இரண்டும் அதற்குக் கீழும் காட்டுபவரிடம் "என்ன மாற்றினால் மூன்றுக்கு வருவீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

தலைவரே வழிநடத்தலாம் என்றதையும் ஏற்க முடியவில்லை. முடிவில் பங்குள்ளவர் மார்க்கரைப் பிடித்தால் தனக்குப் பிடித்ததைத்தான் பெரிதாக எழுதுவார். வழிநடத்துபவரைக் கூட்டத்துக்கு ஒருவராகச் சீட்டுக் குலுக்கியே எடுக்கலாம். குடவோலை கண்ட உத்திரமேரூரின் வழிவந்தவர்களுக்கு இது புதிதா என்ன?

இன்னொன்றையும் விட்டுவிட்டார்கள். 1966 சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவான அமைப்பு என்றால், கோரமும் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) வாக்கெடுப்பும் அதன் சட்டவிதிப்படியே நடக்க வேண்டும். அட்டையும் ஸ்டிக்கரும் ஆண்டுக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு வைத்துக்கொள்ள வேண்டியவை. அங்கே தேறியதைத் தீர்மானமாக எழுதிக் கூட்டத்துக்குக் கொண்டுபோகலாம்.

ஒரு சங்கத்திலிருந்து ஒருவர் மட்டும் போவது வீண். தலைவர், பொருளாளர், பதவி இல்லாத ஓர் உறுப்பினர் என்று மூவராகப் போங்கள். குறிப்பேடு மலாயில் மட்டுமே இருக்கிறது. மாஸ்கிங் டேப் கையோடு இருக்கட்டும்; அங்கே கொடுக்கும் புளூ டேக் சுவரில் நிற்பதில்லை, மின்விசிறியைப் போட்டதும் அட்டைகள் உதிர்கின்றன.