46 எம்பி ஃபைலை நம்பி 14,500 விட்ட கதை: பிரின்டுக்கு டிசைன் வாங்குபவர்கள் படித்துவிடுங்கள்

இன்று மதியம் பேனரைப் பிரித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. டிசைனுக்குக் கொடுத்தது, பிரின்டுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 14,500 போய்விட்டது. யார், எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. ஃப்ரீலான்ஸ் டிசைனர்களைப் பிடித்துக் கொடுக்கும் தளங்களில் ஒன்று, அவ்வளவுதான். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை எப்படிச் சரிபார்ப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

கண்காட்சி ஒன்றில் ஸ்டால் எடுத்திருக்கிறேன். பின்னால் மாட்ட ஆறடிக்கு மூன்றடி பேனர் வேண்டும். அந்தத் தளத்தில் பிடித்த டிசைனர் பையன் மாதிரி என்று அனுப்பிய ஜேபெக் படம் போனில் பளிச்சென்று இருந்தது. வெள்ளைப் பின்னணி, சிவப்பு எழுத்து, ஓரத்தில் ஓர் இலைக்கொத்து. "பிரின்டுக்குப் பெரிய ஃபைலா தருவீங்களா தம்பி?" என்று கேட்டேன். "ஃபுல் ஹை ரெசல்யூஷன் மேடம், கவலையே படாதீங்க" என்றான்.

மறுநாள் பிஎன்ஜி என்ற வகைப் பட ஃபைல் வந்தது. 46 எம்பி. நான் கவிழ்ந்த இடம் இதுதான். டவுன்லோடு கோடு மெதுவாக நகர நகர எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இவ்வளவு கனமான ஃபைலில் சரக்கு இல்லாமலா போகும்? பிக்சல் கணக்கைக்கூடப் பார்த்தேன்: 10,800-க்கு 5,400. பேனர் அகலம் 72 அங்குலம், அதாவது அங்குலத்துக்கு 150 பிக்சல். பேனருக்கு அது தாராளம். 'ஏற்றுக்கொள்கிறேன்' பட்டனை அமுக்கிவிட்டேன், பணம் அவன் கணக்குக்குப் போய்விட்டது. 100 சதவீதத்தில் பெரிதாக்கி ஒரு தடவை, ஒரே தடவை பார்த்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

பிரின்ட் கடைக்காரர் கேட்கத்தான் செய்தார், "வெக்டர் பிடிஎஃப் இருக்குங்களா?" என்று. வெக்டர் என்றால் எழுத்தையும் கோட்டையும் பிக்சலாக இல்லாமல் வடிவமாகவே வைத்திருப்பது, எவ்வளவு இழுத்தாலும் மங்காது. "46 எம்பி இருக்குங்க" என்றேன் பெருமையாக. கேள்விக்கும் பதிலுக்கும் என்ன சம்பந்தம்! அவர் ஒன்றும் சொல்லாமல் பென்டிரைவை வாங்கிக்கொண்டார்.

பேனரைப் பிரித்தால் எழுத்தெல்லாம் தண்ணீரில் ஊறியது போல இருக்கிறது. 'ன்' மேல் இருக்க வேண்டிய புள்ளி, கீழே உள்ள வளைவோடு ஒட்டி ஒரு சிவப்புக் கறையாகிவிட்டது. ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் வெள்ளையில் அழுக்குப் படிந்த மாதிரி மங்கலான கட்டங்கள். ஸ்கேல் வைத்து அளந்தேன், ஒரு கட்டம் ஏறக்குறைய அரை அங்குலம்.

அந்த அரை அங்குலம்தான் காட்டிக்கொடுத்தது. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான விவரங்களைக் கழித்துத்தான் ஃபைலைச் சின்னதாக்குகிறது. நிறத்தை இன்னும் தாராளமாகவே கழிக்கும். போட்டோவில் அது தெரியாது. கூரான விளிம்புள்ள எழுத்தில், அதுவும் சிவப்பில், நன்றாகவே தெரியும். முதலில் வந்த மாதிரிப் படத்தைத் திறந்து பார்த்தேன்: 1,200-க்கு 600 பிக்சல். அதை ஒன்பது மடங்கு இழுத்தால் 10,800-க்கு 5,400. எட்டு பிக்சல் கட்டம் 72 ஆகும், அங்குலத்துக்கு 150 என்றால் அது அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சந்தேகமே வேண்டாம் என்று பெரிய ஃபைலைச் சுருக்கி மாதிரியின் மேல் வைத்துப் பார்த்தேன். இலை நுனியில் இருந்த அழுக்குப் பொட்டுகூட அதே இடத்தில்.

மாதிரிப் படத்தையே இழுத்துப் பெரிதாக்கி, பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்து என் தலையில் கட்டியிருக்கிறான். பிஎன்ஜி தரத்தை இழக்காது என்பது உண்மைதான். குப்பையைப் போட்டால் குப்பையையும் ஒரு துளி சிந்தாமல் காப்பாற்றும். 46 எம்பியும் அந்தக் குப்பையின் எடை. உண்மையில் எனக்குக் கிடைத்தது அங்குலத்துக்குப் பதினேழு பிக்சல்கூடத் தேறாத படம். அதற்கு 14,500.

அவனிடம் கேட்டேன். "46 எம்பி மேடம், இதுக்கு மேல என்ன குவாலிட்டி வேணும்?" அப்புறம், "பிரின்டர் பிரச்சினையா இருக்கும்." அப்புறம், "பேனரை யாரு மேடம் கிட்ட வந்து பாக்குறாங்க?" தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். ஸ்டால் பேனரை நாலடி தூரத்தில் நின்றுதானே பார்ப்பார்கள்! விடாமல் கேட்டதும் "300 டிபிஐ ஆக்கிட்டேன்" என்று இன்னொரு ஃபைல். அதே 10,800 பிக்சல், உள்ளே குறித்திருக்கும் டிபிஐ எண், அதாவது அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற குறிப்பு, மட்டும் மாறியிருந்தது. டிசைன் செய்த மூல ஃபைலைக் (சோர்ஸ் ஃபைல்) கேட்டேன், பிடிஎஃப் வந்தது. அதற்குள் அதே பிஎன்ஜியை வைத்துக் கொடுத்திருக்கிறான். இதற்கு மேல் ஒருவன் எப்படித்தான் சளைக்காமல் ஏமாற்றுவது?

தளத்தில் புகார் போட்டேன். "ஃபைல் வழங்கப்பட்டது, நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள், எனவே புகார் முடிக்கப்பட்டது." இரண்டாவது தடவை கேட்டதற்கும் எழுத்து மாறாமல் அதே பதில். 14,500-ல் ஒரு காசுகூடத் திரும்பாது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், நேரமில்லை. ஃபைல் எத்தனை எம்பி என்று பார்த்து மயங்காதீர்கள். 100 சதவீதத்தில் திறந்து எழுத்து விளிம்பைப் பாருங்கள். எழுத்தும் லோகோவும் உள்ள டிசைனுக்கு வெக்டர் பிடிஎஃப் கேளுங்கள், வந்ததும் 800 சதவீதம் பெரிதாக்குங்கள். விளிம்பு மங்கினால் உள்ளே இருப்பது வெறும் படம். இதையெல்லாம் முடித்த பிறகு 'ஏற்றுக்கொள்கிறேன்' அமுக்குங்கள்.

நாளைக் காலை கடைக்காரருக்குப் புது ஃபைல் கொடுத்தாக வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரையும் மென்பொருளில் இலைக்கொத்தை நானே வரைந்துகொண்டிருக்கிறேன், மூன்றாவது இலையிலேயே கை கோணுகிறது. போகிறேன்.