ஜீப் வின்ச்சுக்கு எது: இரும்புக் கயிறா, இழைக் கயிறா?

சேற்றில் சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுத்து மீட்கும் கருவிதான் வின்ச். டெல்டாவில் ஓடும் ஜீப்பின் வின்ச்சுக்கு நான் செயற்கை இழைக் கயிற்றைத்தான் சொல்வேன். இரும்புக் கயிறு பாறையில் உரசினாலும் தாங்கும், வெயிலுக்கு அசையாது, விலையும் குறைவு. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பாறை எங்கே இருக்கிறது? எல்லாம் வண்டலும் களியும்தான். வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக்காற்று வேறு. இரும்பு துருப்பிடிக்கும், பிசிறு கிளம்பி உள்ளங்கையைக் கிழிக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் உயிர். இழுவையில் இருக்கும் இரும்புக் கயிறு அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வந்து ஆளையே கொன்றுவிடும். இழைக் கயிறு எடை குறைவு, அறுந்தாலும் அந்த வேகம் பெரிதும் குறையும். அதற்காகப் பக்கத்தில் நிற்கலாம் என்று அர்த்தமில்லை. எந்தக் கயிறானாலும் நடுவில் கனமான டேம்பரை, அதாவது அறுந்த கயிறு துள்ளாமல் அமுக்கும் விரிப்பை, போர்த்துங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தள்ளி அனுப்புங்கள். கயிற்றை யாரும் தாண்டவே கூடாது. கயிறு சுற்றிக்கொள்ளும் டிரம்மில் இரும்புக்கு 5 சுற்று, இழைக்கு 10 சுற்றாவது மிச்சம் இருக்கட்டும்.

சரி, இழைக் கயிற்றுக்குப் பராமரிப்பு அதிகம். சேற்று மணல் உள்ளே புகுந்து இழையை அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வின்ச்சின் முன்னால் கயிற்றை வழிநடத்தும், இரும்புக் கயிறு ஓடித் தேய்ந்த ரோலரைக் கழற்றிவிட்டு, வழவழப்பான அலுமினிய ஹாஸ் (கயிறு நுழைந்து வரும் துளையுள்ள தகடு) மாட்டுங்கள்.

வின்ச்சின் திறன் வண்டியின் மொத்த எடையில் ஒன்றரை மடங்காவது வேண்டும். களியில் அச்சு வரை புதைந்தால் அதுவும் திணறும். அப்போது புல்லி போட்டுக் கயிற்றை மடக்கினால் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். தென்னையில் கட்டினால் அகலமான நாடாப் பட்டையை அடிமரத்தில் தாழ்வாகச் சுற்றுங்கள்.