பழைய கார் வைத்திருப்பவர்களே, ஸ்டெப்னி வாங்கும்போது டயரின் மறுபக்கத்தையும் பாருங்கள்

அப்பா ஓட்டிய 1988 மாடல் பிரீமியர் பத்மினி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்கான 5.20-14 நைலான் டயர் இப்போது தேடித்தான் வாங்க வேண்டும். போன வருடம் சென்னையில் ஒரு டயர் கடையில், "ஒரே ஒரு பீஸ் இருக்கு சார், ஓடாத டயர்" என்று காட்டினார்கள். பளபளவென்று இருந்தது. 2,600 ரூபாய் கொடுத்தேன். அவர்களே ரிம்மில் மாட்டி டிக்கியில் வைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்துத் திருச்சி போகும் வழியில், உளுந்தூர்பேட்டை தாண்டி, பின்பக்க டயரில் ஆணி ஏறியது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இருபது கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், தடதடவென்று சத்தம். இறங்கிப் பார்த்தால், ரோட்டில் படும் மேல் ரப்பர், அதாவது பட்டன், தோல் மாதிரி உரிந்து மட்கார்டில் அடித்துக்கொண்டிருந்தது.

பஞ்சர் கடைக்காரர் டயரைப் பிரித்துக் காட்டினார். பாலிஷுக்கு அடியில் சைடெல்லாம் வெடிப்பு. உள்ளே ஒரு வெட்டை மறைக்கப் பழைய டயர்த் துண்டை வைத்து ஒட்டியிருந்தது. ரிம்மின் உள்பக்கம் பார்த்த சைடில் 2307 என்ற எண். 2007-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். அந்த எண் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருந்தது. அது கண்ணில் படாதபடி மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஓடாத டயர் என்பதுகூடப் பொய்.

என் தப்பும் ஒன்று உண்டு. முதல் தடவை டயர் மாற்றியபோது வெள்ளைக் கோட்டை ஒட்டியே நிறுத்திவிட்டேன். பக்கத்தில் ஒரு லாரி போன வேகத்தில் ஜாக்கி மேல் வண்டி ஆடியது பாருங்கள், கை நடுங்கிவிட்டது. கியரில் போட்டிருக்கிறோமே என்று நம்பாதீர்கள். பத்மினி, அம்பாசிடர் எல்லாம் பின்சக்கரத்தால் ஓடுபவை. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால், இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுற்றவிடும், கியர் வண்டியைப் பிடிக்காது. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைக்க வேண்டும், ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை. தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள்.

பஞ்சர் கடைக்காரரிடம் ஒரு ட்யூபும் பழைய டயரும் வாங்கி மெதுவாக ஊர் போய்ச் சேர்ந்தேன். ட்யூப்லெஸ்ஸுக்குப் போடும் பஞ்சர் திரி நம் ட்யூப் டயருக்கு உதவாது என்பதால், இப்போது டிக்கியில் எப்போதும் ஒரு புது ட்யூப் கிடக்கிறது. நைலான் டயர் கிடைக்காமல், இப்போதைய கார்களில் வரும் ரேடியல் டயருக்கு மாறுகிறவர்கள் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் மாற்றுங்கள். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும்.

திரும்பிப் போய்க் கேட்டதற்குக் கடைக்காரர், "ஸ்டெப்னிதானே சார், அவசரத்துக்குத்தானே" என்றார். பில்லில் "டயர் - 1" என்று மட்டும்தான் இருந்தது. அளவு இல்லை, நம்பர் இல்லை. சண்டை போட்டும் பணம் வரவில்லை. கடைசியில், டயரைக் கொண்டுவந்தால் 300 ரூபாய் தருவதாகச் சொன்னார். பட்டன் உரிந்த டயர் அவருக்கு எதற்கு? வீட்டுக்கு வந்ததும் ரம்பத்தை எடுத்து இரண்டாக அறுத்துப் போட்டேன்.