பீச் காப்ளர்: 2020ல இருந்து நம்ம வீட்டு அவன்ல (பேக்கிங் அடுப்புல) செஞ்சு பார்த்த அனுபவம்

2020 மே மாசம், சிங்கப்பூர்ல கோவிட்டுக்காக எல்லாரையும் வீட்டுல இருக்கச் சொன்ன சர்க்கிட் பிரேக்கர் சமயத்துல தான் முதல் தடவ பீச் காப்ளர் செஞ்சேன். அப்ப கடையில மாவு, வெண்ணெய், முட்டை எல்லாம் அடுக்குன கொஞ்ச நேரத்துல காலியாயிட்டிருந்துச்சு, ஊரே வீட்டுல உக்காந்து கேக்கும் ரொட்டியும் சுட்டுக்கிட்டிருந்த நேரம், எங்க வீட்டு அலமாரியில இருந்தது ஒரு பாக்கெட் செல்ஃப் ரைசிங் மாவும் (பேக்கிங் பவுடர் கலந்தே வர்ற மாவு) ரெண்டு டின் பீச் பழமும் தான். முட்டை இல்லாம இத வெச்சு என்ன பண்ணலாம்னு தேடுனப்ப தான் இது கண்ணுல பட்டுச்சு. அன்னிக்குல இருந்து மாசத்துக்கு ஒரு தடவையாவது செய்றேன், தீபாவளி, பொங்கல், பிள்ளைங்க பிறந்தநாள், சும்மா யாராவது வந்தா கூட. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வெண்ணெய், எத்தன நிமிஷம், யார் என்ன சொன்னாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், அத பாத்து தான் இத எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. காப்ளர் அமெரிக்கா பலகாரம், தென் மாநிலங்கள்ல ரொம்ப பிரபலம், அதுல ஜார்ஜியாவுக்கு பீச் மாநிலம்னே பேரு. பழமும் மாவும் ஒரே ட்ரேல வேகும், சூடா கரண்டியால அள்ளி வெப்பாங்க. இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பழத்த அடியில போட்டு, வெண்ணெய் போட்டு பிசைஞ்ச பிஸ்கட் மாவ உருண்டை உருண்டையா மேல வைக்கிறது. இன்னொண்ணு தோசை மாவு மாதிரி கரைச்சு ஊத்துறது. நான் ரெண்டையும் செஞ்சிருக்கேன், ஆனா சிங்கப்பூர்ல இருக்குறவங்க யார் கேட்டாலும் நான் சொல்றது ஊத்துற மாவும் டின் பீச்சும் தான். ஏன்னு சொல்றேன்.

பிஸ்கட் மாவோட சூட்சுமம் குளிர்ந்த வெண்ணெய். வெண்ணெய் சின்னச் சின்னத் துண்டா மாவுக்குள்ள முழுசா இருக்கணும், அவன் சூட்டுல அது உருகி அதுல இருக்குற தண்ணி ஆவியாகி மாவத் தூக்கிவிடும், அப்ப தான் பொறபொறன்னு அடுக்கு அடுக்கா வரும். நம்ம வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு சமையலறையில மத்தியானம் 31 டிகிரி, அவன் வேற ஓடிக்கிட்டிருக்கு, வெண்ணெயத் தொட்ட உடனே கையில எண்ணெயா நிக்குது. வெண்ணெய ஃப்ரீசர்ல வெச்சு துருவிப் பார்த்தேன், கிண்ணத்தையும் மாவையும் கூட ஃப்ரிட்ஜ்ல வெச்சுப் பார்த்தேன், ராத்திரி பத்து மணிக்கு மேல செஞ்சும் பார்த்தேன். பத்து தடவ செஞ்சதுல மூணு தடவ தான் மனசுக்கு நிறைவா வந்துச்சு, மத்ததெல்லாம் மேல கெட்டியா, உள்ள பிசுபிசுன்னு. விருந்தாளி வர்ற அன்னிக்கு இந்தப் பயத்தோட நிக்க முடியாது.

ஊத்துற மாவுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, ஏன்னா அதுல வெண்ணெய உருக்கித் தான் ஆகணும், நம்ம ஊரு வெயில் அதுக்கு ஒண்ணும் பண்ணாது. 8 இன்ச் சதுர ட்ரேல 80 கிராம் வெண்ணெயப் போட்டு, 180 டிகிரி சூட்டுல இருக்குற அவன்ல அஞ்சு நிமிஷம் வெச்சா உருகி நுரை கட்டும். அமெரிக்கா முறையில 113 கிராம் போடுவாங்க, அங்க வெண்ணெய் ஒரு கட்டியே அந்த அளவுல தான் வரும், எங்களுக்கு அது திகட்டுது. அந்த நேரத்துல 125 கிராம் செல்ஃப் ரைசிங் மாவு, 90 கிராம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, 240 மில்லி பால், அவ்வளவு தான், கட்டி இல்லாம கலக்கி சூடா இருக்குற வெண்ணெய் மேல ஊத்தணும். அப்புறம் பழத்த மேல பரவலா வைக்கணும். இதுக்கு மேல கரண்டியே போடக்கூடாது. கலக்குனா சாதாரண கேக் தான் கிடைக்கும். கலக்காம விட்டீங்கன்னா பழம் தன் பாரத்துல கீழ போகும், மாவு பொங்கி அதச் சுத்தி மேல ஏறும், ஓரத்துல வெண்ணெய் கொப்பளிச்சு மாவ பொரிச்ச மாதிரி ஆக்கும். பணியாரத்தோட ஓரம் எப்படி முறுகலா இருக்குமோ அந்த மாதிரி. எங்க வீட்டுல அந்த ஓரத்துத் துண்டுக்குத் தான் சண்டையே.

பழத்த ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே வைக்காதீங்க, பழத்தச் சுத்தி மாவு வேகாம நிக்கும். நான் ஒரு சட்டியில டின் பீச், அதோட சாறு நாலு கரண்டி, கொஞ்சம் பட்டைத் தூள், அதுல பாதி சுக்குத் தூள், ஒரு ஏலக்காய், ரெண்டு லிமாவ் கஸ்தூரி பிழிஞ்சு வெதுவெதுன்னு சூடு பண்ணிப்பேன். டின் பழத்துல புளிப்பு கம்மி, அதுக்கு ஈரச் சந்தையில கிடைக்கிற அந்தச் சின்ன எலுமிச்சை தான் உசிர் கொடுக்குது, பெரிய எலுமிச்சைய விட வாசனை நல்லா ஒட்டுது. சுக்கு போடுறது என் பழக்கம், அம்மா எந்த இனிப்புலயும் ஒரு சிட்டிகை போடுவாங்க, இதுலயும் ரொம்ப நல்லா பொருந்துது.

இப்ப டின் பீச்சா ஃப்ரெஷ் பீச்சாங்கிற கேள்வி. முதல் ரெண்டு வருஷம் ஃப்ரெஷ் பழத்துக்கு நான் நிறைய செலவு பண்ணேன், ஃப்ரெஷ் தான் உசத்தின்னு ஒரு நினைப்பு. ஆனா இங்க வர்ற பழம் பெரும்பாலும் எங்கயோ காயா பறிச்சு குளிர்ல வெச்சு வர்றது. பீச்ச 2 டிகிரியில இருந்து 8 டிகிரி வரைக்கும் உள்ள குளிர்ல வாரக்கணக்குல வெச்சா உள்ள சதை கெட்டு சாறு வத்தி மாவு மாதிரி ஆயிடும், வெளிய பாத்தா செக்கச்செவேல்னு இருக்கும். நான் வாங்குன பாதிப் பழம் அப்படித் தான் இருந்துச்சு. அதுக்கு மேல தோல் உரிக்கணும், கொதி தண்ணியில அரை நிமிஷம் போட்டு உடனே ஐஸ் தண்ணியில போட்டா தோல் வரும், நல்லா பழுத்திருந்தா மட்டும். டின்ல போடுறதுக்குன்னு பெரும்பாலும் கொட்டையோட சதை ஒட்டியிருக்குற ரகத்தத் தான் வளர்ப்பாங்க, அந்தச் சதை இறுக்கம், ஒரு மணி நேரம் வெந்தாலும் துண்டு துண்டா நிக்கும். பழுத்ததுக்கு அப்புறம் பறிச்சு டின்ல அடைக்கிறதால ருசியும் தவறாது. 825 கிராம் டின் ஒண்ணு எங்க ட்ரேக்குச் சரியா இருக்கு. சீனிப்பாகுல போட்டத விட்டுட்டு பழச்சாறுல போட்டதா பாத்து வாங்குங்க. ஆஸ்திரேலியா பழம் நல்லா வர்ற டிசம்பர், ஜனவரியில மட்டும் நான் ஒரு தடவ ஃப்ரெஷ்ல செய்வேன், அதுவும் கடையில மோந்து பாத்து வாசனை இருந்தா தான்.

அவன் பத்தி சொல்லணும். என் முதல் டேபிள் டாப் அவன் 38 லிட்டர், எந்தக் கம்பெனின்னு சொல்ல விரும்பல. ஒரு வருஷம் முழுக்க மேல கருகி உள்ள ஈரமா வந்துட்டே இருந்துச்சு, நான் என் கைய குத்தம் சொல்லிட்டே இருந்தேன். அப்புறம் உள்ள தொங்கவிடுற ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வெச்சுப் பார்த்தா, 180ல வெச்சா 205 காட்டுது! அன்னிக்கு எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு பாரம் இறங்குன மாதிரி இருந்துச்சு. யாரு புதுசா பேக்கிங் ஆரம்பிச்சாலும் நான் முதல்ல வாங்கச் சொல்றது இந்தத் தெர்மாமீட்டர் தான், மத்த சாமானெல்லாம் அப்புறம். காத்தாடி உள்ள அவன்னா 20 டிகிரி குறைச்சு வைங்க. எனக்கு 45ல இருந்து 50 நிமிஷம் ஆகுது, நேரத்த விட ஓரத்துல சாறு மெதுவா கொப்பளிக்குதா, நடுவுல மாவுப் பகுதியில குச்சி குத்துனா சுத்தமா வருதான்னு பாக்குறது தான் நம்பகமானது. ஏர் ஃப்ரையர்லயும் மூணு தடவ பார்த்தேன், காத்து மேலயே அடிக்கிறதால பத்து நிமிஷத்துல மேல சிவந்துடுது, அடியில பால் மாதிரி நிக்குது. வேண்டாம்.

ட்ரே விஷயத்துல ஒரு தடவ பெரிய பயம். கண்ணாடி ட்ரேய அவன்ல இருந்து எடுத்து ஈரமா இருந்த சமையல் மேடைக் கல்லு மேல வெச்சேன், பட்டுன்னு ரெண்டா பிளந்துடுச்சு, நல்ல வேளை சின்னவ பக்கத்துல இல்ல. சூடான கண்ணாடிய ஈரத்துலயோ குளிர்ந்த இடத்துலயோ வைக்கவே கூடாது, மரப்பலகை இல்லன்னா காஞ்ச துணி மடிச்சு வைங்க. இப்ப முஸ்தஃபா கடையில வாங்குன பீங்கான் ட்ரே தான். அலுமினியம் ட்ரே வேண்டாம், பழத்தோட புளிப்பு பட்டு ஒரு உலோக வாடை வருது, மிச்சத்த மறுநாள் சாப்பிட்டா நல்லாவே தெரியும்.

இப்ப இது எங்க வீட்டுக்கு ஏன் இவ்வளவு ஒட்டிக்கிச்சுன்னா, ஒரே ட்ரே எல்லாரும் சாப்பிடலாம். எங்க அத்தை, அதாவது மாமியார், முட்டை தொடமாட்டாங்க. முப்பது வருஷமா யார் வீட்டு பிறந்தநாளுக்குப் போனாலும் கேக் வெட்டுற நேரத்துல அவங்க ஒரு ஓரமா ஒரு கோப்பிய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, யாரும் அத ஒரு விஷயமாவே நினைக்கல, நானும் தான் நினைக்கல. முதல் காப்ளர் அன்னிக்கு "முட்டை போடலியே மா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. இல்ல அத்தை, பாலும் மாவும் வெண்ணெயும் தான்னு சொன்னேன். ஒரு கிண்ணம் சாப்பிட்டு, இன்னொரு கரண்டி போடுன்னு கிண்ணத்த நீட்டுனாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டு பிறந்தநாளுக்கெல்லாம் மெழுகுவத்தி காப்ளர் மேல தான்.

பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு (மலாய் அம்மா) ஹரி ராயா பெருநாள் சமயத்துல கொடுக்கணும்னு ஆசைப்பட்டேன், அப்பல்லாம் நான் வெனிலாவும் சேர்ப்பேன், அவங்க அந்த வெனிலா என்னதுன்னு கேட்டாங்க. அப்ப தான் பாட்டில திருப்பிப் பார்த்தேன், வெனிலா எக்ஸ்ட்ராக்ட் சாராயத்துல ஊறவெச்சு எடுக்குறது, அமெரிக்காவுல சட்டப்படியே அதுல குறைஞ்சது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்கணும். அன்னியோட வெனிலாவ விட்டுட்டேன், ஏலக்காயும் பட்டையும் வந்தது அப்படித் தான், ருசியும் முன்ன விட நம்ம நாக்குக்கு நெருக்கமா ஆயிடுச்சு. அவங்களுக்குன்னு ஹலால் முத்திரை உள்ள வெண்ணெயும் ஒரு தனி ட்ரேயும் வெச்சிருக்கேன். எதிர் வீட்டு சீன அங்கிளோட 80 வயசு பிறந்தநாளுக்கும் ஒண்ணு செஞ்சு கொடுத்தேன், ஆன்ட்டி பாத்துட்டு கண் கலங்கிட்டாங்க, எனக்கு அப்ப புரியல. அவங்க வழக்கத்துல பீச் நீண்ட ஆயுசுக்கு அடையாளம், வயசானவங்க பிறந்தநாளுக்கு பீச் வடிவத்துல பாவ் (ஆவியில வேகவைக்கிற பன்) செய்வாங்களாம். பீச்சோட பூர்வீகமே சீனா தானே.

சீனி பத்தி ஒரு வார்த்தை, மாமாவுக்கு சர்க்கரை இருக்கு, பாலிகிளினிக்ல மூணு மாசத்துக்கு ஒரு தடவ பாக்குறாங்க. 200 கிராம்ல ஆரம்பிச்சு 90க்கு கொண்டு வந்துட்டேன். 70க்குக் கீழ போனா மேல நிறமே வரல, ரொட்டி மாதிரி ஆகுது. அதனால 90, மாமாவுக்கு சின்ன கிண்ணத்துல ஐஸ்கிரீம் இல்லாம. மத்தவங்களுக்கு வெனிலா ஐஸ்கிரீம் ஒரு கரண்டி, சைவம் சாப்பிடுறவங்க இருந்தா ஜெலட்டின் இருக்கான்னு டப்பாவுல பாத்துக்கங்க.

இந்த ஊரு ஈரக்காத்துல மாவு சீக்கிரம் வலு இழந்துடும். ரெண்டு மாசமா பிரிச்சு வெச்ச செல்ஃப் ரைசிங் மாவுல செஞ்சு ஒரு தடவ தட்டையா களி மாதிரி வந்துச்சு. இப்ப சின்ன பாக்கெட்டா வாங்கி இறுக்கமான டப்பாவுல போடுறேன். சாதா மாவு தான் இருக்குன்னா 125 கிராமுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஆனா அரை ஸ்பூன் பவுடர கொஞ்சம் சுடுதண்ணியில போட்டு நுரைக்குதான்னு பாத்துக்கங்க.

வெளிய எடுத்ததும் அள்ளாதீங்க, அரை மணி நேரம் ஆறணும், அப்ப தான் சாறு கெட்டியாகும். யார் வீட்டுக்காவது எடுத்துட்டுப் போறதா இருந்தா ஃபாயில்ல இறுக்க மூடாதீங்க, ஆவி அடைஞ்சு மேல முறுகல் போயிடும், ஒரு ஓரம் திறந்து விட்டு மேல துணி சுத்துங்க. நான் யீஷூன்ல இருந்து தேக்கா (லிட்டில் இந்தியா) வரைக்கும் எம்ஆர்டி ரயில்ல மடியில வெச்சு எடுத்துட்டுப் போயிருக்கேன், பக்கத்துல இருந்தவங்க வாசனை பிடிச்சுட்டு என்னதுன்னு கேட்டாங்க. மிச்சம் இருந்தா ஃப்ரிட்ஜ்ல மூணு நாள், சூடு பண்றதுக்கு மைக்ரோவேவ் வேண்டாம், 150 டிகிரியில பத்து பன்னெண்டு நிமிஷம். பீங்கான் ட்ரேயோட நேரா ஃப்ரிட்ஜ்ல இருந்து அவனுக்குப் போடாம அரை மணி நேரம் வெளிய வைங்க. மேஜையில வைக்கிறப்ப ட்ரேக்கு அடியில தண்ணி ஊத்துன தட்டு வெச்சிடுவேன், எறும்பு எப்படித் தான் பதினோராவது மாடிக்கு மோந்து வருதோ.

ஆள் கூடுனா அளவ கூட்டி ஒரே பெரிய ட்ரேல ஆழமா ஊத்தாதீங்க, நடுவுல வேகவே வேகாது. 2020 தீபாவளிக்கு கோவிட் விதியால வீட்டுக்கு அஞ்சு பேர் தான் வரலாம்னு இருந்துச்சு, அப்ப ஒரு ட்ரே போதும். போன தீபாவளிக்கு இருபத்து ரெண்டு பேர், முந்தின நாள் ராத்திரியே மூணு ட்ரேக்கும் காய்ஞ்ச சாமான் அளந்து பொட்டலம் கட்டி வெச்சுட்டு, காலையில பால் மட்டும் ஊத்தி ஒண்ணு மாத்தி ஒண்ணு அவன்ல விட்டேன். மூணாவது ட்ரே வெளிய வர்றதுக்குள்ள முதல் ட்ரே நாலு ஓரமும் காலி, நடுவு மட்டும் நின்னுச்சு. அத்தைக்குன்னு ஒரு ஓரத்துத் துண்ட தனிக் கிண்ணத்துல முன்னாடியே எடுத்து மூடி வெச்சிருந்தேன்.