வீட்டு நீச்சல்குளத்துக்குக் காவல்: சுற்றுச்சுவரா, கம்பி வேலியா, மூடியா?

பெருமாள்புரத்து வீடானாலும் குற்றாலத்துப் பக்கத்துத் தோட்டமானாலும், குளத்துக்கு வேலி எங்கே என்று கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: "அதான் ஆறடி காம்பவுண்டு நிக்குல்லா!"

காம்பவுண்டு தெருப்பிள்ளையைத் தடுக்கும். வீட்டுப்பிள்ளை புறவாசல் வழியாக வரும். சுவரையே நம்புவதென்றால், குளத்தைப் பார்த்த ஒவ்வொரு கதவும் தானாக மூடிக் கொண்டி விழ வேண்டும். துணி காயப்போட, குப்பை கொட்ட என்று நாளெல்லாம் திறந்து கிடக்கிற புறவாசலில் அது நடக்காது.

ஆகவே குளத்தை மட்டும் நான்கு பக்கமும் அடைக்கிற வேலிக்கே எங்கள் ஓட்டு. ஆஸ்திரேலிய விதியின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: உயரம் குறைந்தது 1.2 மீட்டர், கம்பிகளுக்கு நடுவிலும் வேலிக்கு அடியிலும் 100 மி.மீ.க்கு மேல் சந்து கூடாது. கேட்டு குளத்துக்கு எதிர்ப்புறமாகத்தான் திறக்க வேண்டும், கொண்டி 1.5 மீட்டர் உயரத்தில்.

20க்கு 10 அடிக் குளம், சுற்றி 4 அடி நடைபாதை என்றால் வேலி 92 அடி. கேட்டுக்கு 3 அடி போக, 12 மி.மீ. சதுரக் கம்பியை 90 மி.மீ. சந்துவிட்டு நிறுத்தினால் அடிக்கு 3 வீதம் சுமார் 267 கம்பி. பட்டறையில் கெடுகிற இடம் குறுக்குப்பட்டை. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டுக்கும் நடுவே 900 மி.மீ.க்குக் குறையாமல், அவ்வளவுதான். நடுவில் பூவும் வளையமும் வைத்து "டிசைன் போட்டுத் தாரேன்" என்பார்கள். பிள்ளைக்கு அது ஏணி. வேலியை ஒட்டிக் கிடக்கும் ஆட்டுரல், பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலியும் அப்படித்தான்.

விலை குறைவென்று டைமண்ட் வலை அடிக்கிறார்கள். 2 அங்குலக் கண்ணில் சின்னக் கால்விரல் நன்றாகப் பிடிக்கும். தோட்டத்து வெளிவேலிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வேலியில் ஏற வழியில்லை, குளமும் மறையாது, காசுதான் கூட. உவரி, கூடங்குளம் போன்ற கடலோரத்தில் அதன் பிடிகள் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் உப்புக்காற்றில் பழுப்பேறும், 316 ரகம் கேளுங்கள். கழற்றி மாட்டும் வலை வேலி, விசேஷத்துக்குக் கழற்றினால் மறுநாள் மாட்டுகிறவர் வீட்டுக்கு மட்டும் சரி.

பிரான்சில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வேலி, மூடி, அலாரம், கூண்டுக்கூரை நான்கில் எதையும் ஏற்கிறது. இங்கே அலாரம் எடுபடாது. ஆடிக்காற்றில் தண்ணீர் அலைந்து அடிக்கடி கூவினால் இரண்டாம் நாளே அணைத்துவிடுவார்கள். கூவினாலும் பிள்ளை விழுந்த பிறகுதான் கூவும். மூடி என்றால் ஆள் ஏறி நின்றாலும் தாங்கும் மூடி. மழைக்குத் தார்ப்பாய் விரிப்பது எல்லாவற்றையும்விட மோசம்: காலை வைத்ததும் அமுங்கிப் பிள்ளையைச் சுற்றிக்கொள்ளும், வெளியே தெரியவும் தெரியாது.

எந்த வேலியானாலும் தோற்பது கேட்டில்தான். மேல்காற்று (மேற்கிலிருந்து வருவது) பலமாக வீசும் செங்கோட்டை, தென்காசி, பணகுடி வட்டாரத்தில் கேட்டை வேலியின் மேற்குப் பக்கம் வையுங்கள். வெளியே திறக்கும் கேட்டைக் காற்றே தள்ளி மூடும். கிழக்கில் வைத்தால் ஸ்பிரிங் கீலை மீறித் திறந்தே பிடித்துக்கொள்ளும். கரிசல் மண்ணில் மழைக்குத் தூண் சாயும், கொண்டி இரண்டு நூல் (கால் அங்குலம்) விலகினாலே விழாது. திசையன்விளைத் தேரியில் (செம்மணல் மேட்டில்) காற்று மணலை வாரிப்போய் அடிச்சந்து பெருகும்.

நியூசிலாந்தில் 3 ஆண்டுக்கு ஒருமுறையும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 4 ஆண்டுக்கு ஒருமுறையும் சோதனை கட்டாயம். நம் மண்ணுக்கும் காற்றுக்கும் அது போதாது. கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒருதரம், பேரப்பிள்ளைகள் வரும் கோடை விடுமுறைக்கு முன் ஒருதரம் பாருங்கள். கேட்டை முழுக்கத் திறந்து விடுங்கள், பிறகு நான்கு விரல் அளவு மட்டும் திறந்து விடுங்கள். இரண்டு முறையும் கை படாமல் கொண்டி விழ வேண்டும். சந்துகளுக்கு 10 செ.மீ. மரக்கட்டை ஒன்றை அறுத்து வைத்துக்கொண்டு நுழைகிறதா என்று பாருங்கள். 4 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு இதற்கு ஆகாது, அதன் வெளிவிட்டமே 110 மி.மீ.

கேட்டருகே செங்கல் ஒன்று கிடந்தால், யாரோ அதை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிறார்கள் என்று அர்த்தம். கீலுக்கு எண்ணெய் விடுவதற்கு முன்னால் அந்தச் செங்கல்லைத் தூக்கி எறியுங்கள்.