பூத் ஜோலோகியா என்று சொல்லி ஊசி மிளகாய் விதை விற்கிறார்கள், கவனம்

மாடித்தோட்டத்துக்காக இணையத்தில் பூத் ஜோலோகியா, கரோலினா ரீப்பர் போன்ற கடுங்கார மிளகாய் விதை வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு விற்பனையாளரிடம் பூத் ஜோலோகியா என்று கேட்டு வாங்கியதில் வந்தது ஒரு சின்ன ஜிப் உறை. அதன்மேல் பேனாவால் எழுதிய பெயர் மட்டும்தான். லாட் எண் (எந்தத் தொகுதி விதை என்று காட்டும் எண்), முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி எதுவும் கிடையாது. காய்த்தது விரல் நீளத்துக்கு ஊசி மிளகாய். கேட்டால், "உங்க ஊர் வெயிலுக்கு அப்படித்தான் சார் காய்க்கும்" என்று பதில். பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

இந்த வெயில் கதையை நம்பாதீர்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும், காய் சிறுக்கும். இனம் மாறாது. நாம் குழம்புக்குப் போடும் சம்பா, குண்டு, பஜ்ஜி மிளகாய் எல்லாம் கேப்சிகம் அன்னூம் என்ற இனம். ரீப்பரும் ஹபனேரோவும் கேப்சிகம் சைனென்ஸ் என்ற வேறு இனம். அசாம், நாகாலாந்துப் பக்கத்து பூத் ஜோலோகியாவும் பெரும்பாலும் அதுதான், கொஞ்சம் ஃப்ருட்டெசென்ஸ் என்ற மூன்றாவது இனத்தின் கலப்பு உண்டு.

மோசடி நடப்பதே கால இடைவெளியை நம்பித்தான். சைனென்ஸ் விதை போட்டுப் பழம் சிவக்க ஐந்து மாதம் வரை ஆகும். விதையைத் திருப்பி அனுப்பும் கெடுவோ பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். அதனால் பழத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

பொட்டலத்தைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். நல்ல மிளகாய் விதை வெளிர் மஞ்சளாக, தட்டையாக இருக்கும். ஓரம் கருகி, உடைந்து, வற்றல் தூள் ஒட்டியிருந்தால் அது மளிகைக்கடை வற்றலை உதிர்த்த விதையாக இருக்கலாம். பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் 25 முதல் 30 டிகிரி சூட்டில் வையுங்கள். அன்னூம் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். சைனென்ஸுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம்கூட ஆகும். 'ரீப்பர்' ஐந்தாம் நாளே மொத்தமாக முளைவிட்டால் சந்தேகப்படுங்கள். முளைக்காமல் போவது மட்டும் மோசடிக்குச் சான்றாகாது. விதைக்கும் தென்னைநார்த் தூளில் தண்ணீர் தேங்கினாலும் விதை அழுகிவிடும்.

பூ வந்ததும் பெரும்பாலும் முடிவு தெரிந்துவிடும். அன்னூமில் ஒரு கணுவுக்கு ஒரு வெள்ளைப் பூ (கொத்தாகக் காய்க்கும் சில ரகங்கள் விதிவிலக்கு). சைனென்ஸில் ஒரே கணுவில் இரண்டு, மூன்று பூக்கள் பச்சை கலந்த வெள்ளையில் தொங்கும். பிஞ்சு பிடித்ததும் காம்பும் தொப்பியும் சேரும் இடத்தைப் பாருங்கள்: சைனென்ஸில் நூலால் இறுக்கிக் கட்டியதுபோல் ஒரு வளையம் இருக்கும், அன்னூமில் இருக்காது. காரத்தைச் சோதிக்க நாக்கில் வைக்காதீர்கள். உண்மையிலேயே ரீப்பராக இருந்துவிட்டால் அது 15 லட்சம் ஸ்கோவிலுக்கு (காரத்தை அளக்கும் அலகு) மேல்.

காய் வெகுநாள் பச்சையாகவே நிற்பதும் சைனென்ஸின் இயல்பு. பழுக்கும்வரை காத்திருக்க முடியாத நம் பொறுமையின்மையைக் காசாக்க, அதே விற்பனையாளர் லேபிள் இல்லாத ஒரு 'பழுக்கும் டானிக்'கையும் தலையில் கட்டப் பார்த்தார். உள்ளே என்னவென்று எழுதாத புட்டியைச் சாப்பிடும் காயில் தெளிக்கவே வேண்டாம். முழுப் பச்சையில் பறித்த மிளகாய் சரியாகப் பழுக்காது. நிறம் மாறத் தொடங்கிய பிறகு பறித்தால், நிழலில் வைத்தாலே சில நாளில் சிவந்துவிடும்.

நீல மிளகாய், வானவில் மிளகாய் படங்கள் இன்னொரு வலை. ஊதா உண்டு, பிஞ்சில் மட்டும். பழுத்தால் பெரும்பாலும் சிவப்புதான். பளிச்சென்ற நீலம் கணினியில் மட்டுமே காய்க்கும்.

நேர்மையாக விற்பவரிடமும் ரகம் பிசகலாம். பல ரகங்களை அருகருகே வளர்த்து விதை எடுத்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். பூவை உறையிட்டு எடுத்த விதையா என்று கேளுங்கள். உண்மையானவர் விளக்குவார், ஏமாற்றுபவர் இன்னொரு படம் அனுப்புவார்.

முறையான பொட்டலத்தில் ரகம், லாட் எண், பரிசோதித்த தேதி, முளைப்புத்திறன், விற்பவர் முகவரி அச்சாகியிருக்கும். நம் நாட்டில் மிளகாய்ச் சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 சதவீதம். ஏமாந்தவர்கள் பில், உறை, மீதி விதை, பூவும் காயும் தெரியும் படங்களோடு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். எல்லா விதையையும் ஒரேயடியாக விதைத்துவிடாமல் ஐந்தாறையாவது உறையிலேயே விட்டுவையுங்கள்.