32 ஃபோர்டுக்கு எது: ஃபிளாட்ஹெட்டா, 283 ஷெவியா?

1932 ஃபோர்டு ரோட்ஸ்டரில் பழைய எஞ்சின்தான் வைக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், அமெரிக்க ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) பட்டறைகளில் பேச்சு சுற்றிச் சுற்றி இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் வி8. இன்னொன்று ஷெவர்லேயின், சுருக்கமாக ஷெவியின், ஸ்மால் பிளாக் வி8, அதிலும் 283 கன அங்குல எஞ்சின். நான் எடுத்தது 283.

பவர் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1949-ன் 239 கன அங்குல ஃபிளாட்ஹெட் 100 எச்பி. 1957-ன் 283 டூ-பேரல் கார்புரேட்டரோடு 185, ஃபோர்-பேரலோடு 220. அழகில் ஃபிளாட்ஹெட்டை அடிக்க ஆளில்லை. பானட் இல்லாத வண்டியில் வரி வரியான அலுமினிய ஹெட்டும், மேலே இரண்டு ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டரும் தெரிந்தால், பக்கத்தில் நிற்கும் ஷெவியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு வார்ப்பு. ஃபிளாட்ஹெட்டில் வால்வுகள் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடியில்) இல்லை, சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்குக்குள்ளேயே இருக்கின்றன. எரிந்த புகை, பிளாக்கைக் குளிர்விக்கும் தண்ணீர் ஜாக்கெட்டின் ஊடாகப் போய்த்தான் வெளியேற வேண்டும். ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், புகை வழி மூன்றுதான். நடு இரண்டுக்கும் ஒரே வழி. அந்தச் சூடு முழுக்கத் தண்ணீரில் இறங்குகிறது. கூடவே வார்ப்பு மணலும் பல வருடத் துருவும் ஜாக்கெட்டின் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். புது ரேடியேட்டர் போட்டும் வண்டி கொதிக்கிறது என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓட்டைகளில் வளைத்த கம்பியை விட்டுக் கிளறினால் காபித்தூள் மாதிரி கொட்டும்.

சூடேறி ஆறி, சூடேறி ஆறி, கடைசியில் விரிசல். அதனால் "ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்" என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கழற்றி, வெறும் பிளாக்கை ரசாயனத் தொட்டியில் போட்டு எடுத்து, காந்தச் சோதனை செய்ய வேண்டும். காந்தத்தை வைத்து இரும்புப் பொடியைத் தூவினால், விரிசல் இருக்கிற இடத்தில் பொடி எறும்பு வரிசை மாதிரி கோடாகச் சேரும். போல்ட் ஓட்டையிலிருந்து தண்ணீர் ஓட்டைக்குப் போகும் குட்டிக் கோடு பெரும்பாலும் பயமில்லை, விரிசலில் உலோக ஊசி (பின்) அடித்துச் சரி செய்யலாம். வால்வு சீட்டிலிருந்து சிலிண்டருக்குள் கோடு இறங்கினால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் குழாய்), புது சீட் என்று பில் ஏறும். வேறு பிளாக் தேடுவதே மேல். அதற்குப் பிறகும் பிரஷர் டெஸ்ட் உண்டு. பழைய சிலிண்டர் துளை ஏற்கெனவே பெரிதாக்கப்பட்டிருந்தால் அல்ட்ராசானிக் கருவியால் சுவர்க் கனத்தையும் பார்த்துவிட வேண்டும். இத்தனை செலவும் ஒரு பிஸ்டன்கூட வாங்குவதற்கு முன்னால்.

பூட்டும்போதும் அதற்கென்று வேலைகள் உண்டு. ஹெட் போல்ட்டுகள் தண்ணீருக்குள் இறங்குவதால் மரையில் சீலன்ட் தடவாவிட்டால் கசியும். இரும்பு ஹெட்டுக்கு 65 முதல் 70 அடி-பவுண்டு, படிப்படியாக. ஓட்டிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். இரும்பு ஹெட்டைச் சூட்டோடு, அலுமினியத்தை நன்றாக ஆறியபின். கம்பெனி டேப்பட்டில் (வால்வைத் தூக்கும் பாகம்) அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. அதற்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி குறைந்தால் வால்வுத் தண்டின் நுனியைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஷெவியில் இதே வேலை ராக்கர் (வால்வை அழுத்தும் கை) நட்டை ஸ்பேனரால் திருப்புவதோடு முடிகிறது.

283-லும் குறை இல்லாமல் இல்லை. ராக்கரைத் தாங்கும் ஸ்டட்டுகள் ஹெட்டில் அழுத்திச் செருகியவை. கனமான வால்வு ஸ்பிரிங் போட்டால் மெல்ல மேலே எழும்பும், இடைவெளி எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. ஸ்டட் தலைகள் மேல் நேர்ச்சட்டம் ஒன்றை வைத்தால் எழும்பியது உடனே தெரியும். மரை போட்ட ஸ்டட் மாட்டுவதுதான் தீர்வு. பின்பக்க ஆயில் கசிவுக்கு எல்லோரும் சீலைத் திட்டுவார்கள். பாதி நேரம் குற்றவாளி வேறு. பழைய இன்டேக் மேனிஃபோல்டின் முன்பக்க ஆயில் குழாயும் பிளாக் பின்னாலுள்ள காற்றுக் குழாயும் சேர்ந்துதான் எஞ்சின் மூச்சு விடும். புது மேனிஃபோல்டு மாட்டி இரண்டையும் அடைத்து, ஓட்டையில்லாத வால்வு கவரும் போட்டால், உள்ளே சேரும் அழுத்தம் ஆயிலைச் சீல் வழியே தள்ளத்தான் செய்யும். வால்வு கவரில் மூச்சுக் குழாயும் பிசிவி வால்வும் (உள்ளே சேரும் வாயுவை இழுத்து வெளியேற்றுவது) வையுங்கள்.

வாங்கும்போது வருடம் பாருங்கள். 1958-லிருந்து பிளாக்கின் இரு பக்கமும் மவுன்ட் போல்ட் ஓட்டைகள் உண்டு, 1959-லிருந்து கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க மெயின் பேரிங்குக்குக் கயிறு சீலுக்குப் பதில் ரப்பர் சீல். 1955-ன் 265 கன அங்குல ஸ்மால் பிளாக்கைத் தவிர்க்கலாம், அதன் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கே இடமில்லை. 283-ல் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடுவது) பின்னால் இருப்பதால் 32-ன் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) இடிக்கும். பழைய சிறிய டிஸ்ட்ரிபியூட்டரும் குட்டை வாட்டர் பம்பும் போட்டால் ஓரளவு தப்பிக்கலாம், இல்லையென்றால் ஃபயர்வாலை உள்ளே தள்ள வேண்டும்.

மற்ற பழைய எஞ்சின்களில் ப்யூக்கின் நெய்ல்ஹெட் வி8 ஒடுக்கமானது, சேஸியில் நன்றாக உட்காரும். என் கை அதில் அதிகம் பட்டதில்லை என்பதால் அதற்குமேல் சொல்ல மாட்டேன். கிரைஸ்லரின் பழைய ஹெமி வி8 கண்ணைப் பறிக்கும், ஆனால் அகலமும் எடையும் 32-க்கு அதிகம்.

இவ்வளவு கேட்டும் ஃபிளாட்ஹெட்தான் என்றால் 1949–53-ன் 8பிஏ என்ற வகையைப் பாருங்கள். கிளட்ச் ஹவுசிங் தனியாகக் கழலும், டிஸ்ட்ரிபியூட்டர் நிமிர்ந்து நிற்பதால் கை போகும். அதை 32 சேஸியில் உட்கார வைக்க, எஞ்சின் மவுன்ட் சேர்ந்தே வரும் அந்தக் கால ஃபோர்டு டிரக் வாட்டர் பம்ப் இரண்டு வேண்டும். 1939 ஃபோர்டு மூன்று கியர் பாக்ஸ் அதோடு நன்றாகவே ஓடும். அதே பாக்ஸை 283-க்குப் பின்னால் மாட்டி ஆக்சிலரேட்டரை ஏறி மிதித்தால் பல் உடையும். ஷெவிக்கு டி-5 என்ற ஐந்து கியர் பாக்ஸ் போடுங்கள்.